செத்துப்போன செரிகலன்கள் குறித்து உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலாளர் அவர்கள், உயிரித் தொழில்நுட்பத் துறை, ஒன்றிய அரசு, புது தில்லி.

பொருள்: உயிரி எரிவாயு ஆலைகளின் நுண்ணுயிர்ச் சமூகங்களைத் தொடர்ந்து ஆராயவும் பாதுகாக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

நாமக்கல் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் 27 ஆண்டுகள் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, சுற்றுவட்டாரத்தில் யாருடைய எரிவாயுக் கலனாவது (சாணத்தையும் கழிவையும் காற்றில்லாமல் செரிக்கவைத்து வாயு எடுக்கும் செரிகலன்) நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. சேகோ (ஜவ்வரிசி) ஆலை, கோழிப்பண்ணை, கரும்பாலை, நாலு மாடு வைத்திருக்கும் வீடு என்று எல்லா இடங்களுக்கும் போயிருக்கிறேன். அங்கெல்லாம் கண்டதை வைத்தே இம்மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். உயிரி எரிவாயுக்காக இரும்பிலும் கான்கிரீட்டிலும் போடும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது, அந்தக் கலனுக்குள் வேலை செய்யும் நுண்ணுயிர்களைப் புரிந்துகொள்ள ஒதுக்க வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு இரண்டு கலன்களின் கதையைச் சொல்கிறேன்.

முதலாவது ஒரு சேகோ ஆலையின் கழிவுநீரில் ஓடுவது. மரவள்ளிக் கிழங்கின் வரத்து அதிகமான ஒரு வாரத்தில், கழிவுநீரோடு, மாவு எடுத்தபின் எஞ்சும் சக்கையான திப்பியையும் அளவில்லாமல் உள்ளே தள்ளிவிட்டார்கள். நான் போனபோது வாயு ஏறக்குறைய நின்றிருந்தது. வெளிவந்த குழம்பு பழங்கஞ்சியைப் போலப் புளித்து நாறியது. அதில் நனைத்த பி.எச். தாள் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.5ஐக் காட்டியது. மாவுச்சத்தை அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் வேகமானவை, அமிலத்தை எரியும் வாயுவான மீத்தேனாக்குபவை மெதுவானவை. தீனி திடீரென்று கூடியதில் முன்னவை ஓட, பின்னவை பின்தங்கிவிட்டன. தீனியை நிறுத்தி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் அடுப்பு மறுபடியும் எரிந்தது.

இரண்டாவது கலன் சாணத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சாணம் கிடைப்பது அரிதாகி, பக்கத்துப் பண்ணைகளில் கோழி எரு மலிவாகக் கிடைத்ததால், பத்தே நாளில் முழுவதுமாகக் கோழி எருவுக்கு மாறிவிட்டார்கள். மூன்றாவது வாரம் வாயு பாதியாகக் குறைந்தது. ஆலையை அமைத்துக் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டதற்கு, "புளித்திருக்கும், சுண்ணாம்பு போடுங்கள்" என்று தொலைபேசியிலேயே பதில் வந்ததாம். போட்டார்கள். வாயு அடியோடு நின்றது. என்னை அழைத்தபோது கலனின் வாயருகே நிற்க முடியவில்லை. அம்மோனியா கண்ணைக் கரித்தது. பி.எச். 8ஐத் தாண்டியிருந்தது. அந்தக் கலன் புளிக்கவே இல்லை. கோழி எருவில் யூரிக் அமிலமும் புரதமும் மிகுதி. அவை சிதையும்போது அம்மோனியா கிளம்புகிறது. காரத்தன்மை கூடக்கூட அந்த அம்மோனியாவில் கூடுதலான பங்கு, நுண்ணுயிரின் உடலுக்குள் எளிதில் நுழையும் கட்டற்ற அம்மோனியாவாக மாறுகிறது. சுண்ணாம்பு அதைத்தான் செய்தது. முதல் கலனைக் காப்பாற்றிய மருந்து இரண்டாவதைக் கொன்றது.

கலனைக் காலி செய்து, புதிதாகச் சாணம் கரைத்து ஊற்றித் தொடங்கினார்கள். எழுபது நாள் வாயு இல்லை. இதில் எனக்கு இன்றுவரை மனம் ஆறாத ஒன்று உண்டு. மூன்று வாரமாக அம்மோனியாவோடு மல்லுக்கட்டி அதற்குப் பழகத் தொடங்கியிருந்த உயிர்கள் அந்தப் பழைய குழம்புக்குள் இருந்திருக்க வேண்டும். கோழி எருவில் ஓடப்போகும் கலனுக்கு அதைவிடச் சிறந்த உறை (தயிருக்குப் போல, புதிதாகத் தொடங்க ஊற்றும் பழைய குழம்பு) கிடைக்காது. அதைத்தான் லாரியில் ஏற்றி வயலில் கொட்டிவிட்டார்கள்.

செரிகலன் என்பது ஓர் இயந்திரம் என்ற எண்ணத்திலிருந்தே இந்தத் தவறு பிறக்கிறது என்பது என் கருத்து. அது இயந்திரமன்று. காற்றுப் புகாத ஒரு குளம். அதற்குள் ஒரு கூட்டம் பெரிய மூலக்கூறுகளை உடைக்கிறது. இன்னொரு கூட்டம் அவற்றை அமிலங்களாகவும் சாராயங்களாகவும் மாற்றுகிறது. மூன்றாவது கூட்டம் அவற்றை அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிக்கிறது. கடைசியாக மெத்தனோஜென்கள் அவற்றை மீத்தேனாக்குகின்றன. இந்த நான்கு படிகளைப் பாடநூலில் அம்புக்குறி போட்டு வரைந்துவிடலாம், நானும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஆனால் மூன்றாம் படியில் நிற்பவற்றின் நிலைமையை அம்புக்குறி சொல்வதில்லை. அவை தாம் உண்டாக்கும் ஹைட்ரஜனை உடனுக்குடன் வேறு யாராவது எடுத்துச் சென்றால் மட்டுமே உயிர் வாழ முடியும். ஹைட்ரஜன் சிறிது தேங்கினாலும் அந்த வினையிலிருந்து அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் இல்லாமல் போகிறது. ஆகவே சமைப்பவரும் உண்பவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தால்தான் இருவருக்கும் பிழைப்பு.

இதை அறிவியல் கற்றுக்கொண்ட வழியே சுவையானது. கலிபோர்னியாவில் பார்க்கர் என்னும் அறிஞர் எத்தனாலை மீத்தேனாக்கும் நுண்ணுயிர் ஒன்றை வளர்த்தெடுத்தார். அது மெத்தனோபாசில்லஸ் ஓமெலியான்ஸ்கீ என்ற பெயரில் ஒரே இனமாகப் பாடநூல்களில் ஏறியது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் ஆய்வகங்களில் அதை வளர்த்தார்கள். 1967இல் பிரையன்ட், வோலின், வுல்ஃப் ஆகியோரின் குழு அது ஓர் உயிரன்று, ஒன்றையொன்று சார்ந்து சேர்ந்து வாழும் இரண்டு உயிர்கள் என்று காட்டியது. ஒன்று எத்தனாலை அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றியது. மற்றது அந்த ஹைட்ரஜனை மீத்தேனாக்கியது. முன்னதைத் தனியே எத்தனாலில் வளர்த்தால் கொஞ்ச நேரத்தில் முடங்கிவிடும். பின்னதால் எத்தனாலைத் தொடவே முடியாது. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1977இல், கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் மெத்தனோஜென்கள் பாக்டீரியாக்களே அல்ல, உயிர்களின் தனிப்பெரும் கிளையொன்றைச் சேர்ந்தவை என்று அறிவித்தார்கள். நம் வீட்டுக் கொல்லைச் சாணக்குழிக்குள் இருப்பவை அவைதாம்.

தனித்தனியே பிரித்து வளர்க்கும் முறையில் மட்டும் நின்றுவிட்டால், சேர்ந்திருப்பதால் மட்டுமே நடக்கும் வேலைகள் கண்ணில் படாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் நாட்டில் சண்டிகரிலும் புனேயிலும் தரமான நுண்ணுயிர்க் காப்பகங்கள் இருக்கின்றன. அவற்றின் பணியை நான் மதிக்கிறேன். என் மாணவர்களுக்கான வளர்ப்புகளை அங்கிருந்துதான் வாங்கினேன். ஆனால் அவை பெரும்பாலும் தூய வளர்ப்புகளைக் காக்க ஏற்பட்டவை. அம்மோனியாவுக்குப் பழகிய ஒரு முழுச் சமூகத்தைக் குழம்பாகவே வைத்துக் காக்கும் ஏற்பாடு எங்களைப் போன்றோர் எட்டும் தொலைவில் எங்கும் இல்லை.

இப்போது கொள்கைக்கு வருகிறேன். 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘சதத்’ (SATAT) என்னும் திட்டம், 2023-24க்குள் 5,000 அழுத்தப்பட்ட உயிரிவாயு ஆலைகளையும் ஆண்டுக்கு 1.5 கோடி டன் வாயுவையும் இலக்காக வைத்தது. கிலோவுக்கு 46 ரூபாய் என்று கொள்முதல் விலையும் அறிவிக்கப்பட்டது. காலக்கெடு கடந்தபோது இயங்கிய ஆலைகள், இலக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கைக்கூட எட்டவில்லை. இதற்கு மூலப்பொருள் திரட்டுவதில் உள்ள சிக்கல், வங்கிக் கடன், எஞ்சும் குழம்பை விற்க முடியாமை எனப் பல காரணங்கள் உண்டு என்பதை அறிவேன். எல்லாப் பழியையும் நுண்ணுயிரின் தலையில் போட நான் வரவில்லை. எனினும் 2025-26இல் ஒரு விழுக்காட்டில் தொடங்கி 2028-29இல் ஐந்து விழுக்காடு வரை இயற்கை எரிவாயுவில் உயிரிவாயுவைக் கலப்பது கட்டாயம் என்று அரசு அறிவித்துள்ள நிலையில், ஆலைகள் எந்தெந்தத் தீனியில் ஓடப்போகின்றன என்பதை யோசிக்க வேண்டும். பஞ்சாபில் அது வைக்கோல். உத்தரப் பிரதேசத்தில் கரும்பாலைப் பிரஸ்மட், அதாவது சாற்றை வடிகட்டியபின் எஞ்சும் கசடு. எங்கள் பக்கம் கோழி எருவும் திப்பியும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் முரண்டு பிடிக்கும்.

சாணத்தில் கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ இருபத்தைந்துக்கு ஒன்று என்ற பொருத்தமான அளவில் இருக்கின்றன. வைக்கோலில் நைட்ரஜன் போதாது, எளிதில் மக்காத லிக்னினும் சிலிக்காவும் மிகுதி. பிரஸ்மட்டில், சர்க்கரையை வெளுக்கப் பயன்படுத்தும் கந்தகம் தங்கிவிடுகிறது. கந்தகச் சேர்மங்களைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் அதைக் கண்டால் ஹைட்ரஜனுக்கும் அசிட்டேட்டுக்கும் மெத்தனோஜென்களோடு போட்டியிட்டு வெல்கின்றன. மீத்தேனுக்குப் பதில் அழுகிய முட்டை நாற்றமும், அரித்துப்போன குழாய்களும் மிச்சம். இது ஆலையில் மட்டும் நடக்கும் கூத்தன்று. கடல்நீரின் சல்ஃபேட் புகும் பிச்சாவரத்துச் சதுப்பு மண்ணிலும், நன்னீர் தேங்கும் காவிரிப் படுகை நெல்வயலிலும் மீத்தேன் உருவாகும் விதம் வேறுபடுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே போட்டிதான். வயலிலும் சதுப்பிலும் கற்கும் பாடம் கலனுக்கு உதவும் என்று நான் நம்புவது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெத்தனோஜென்களின் முக்கியமான நொதியொன்றின் மையத்தில் நிக்கல் இருக்கிறது. கோபால்ட்டும் அவற்றுக்குத் தேவை. மாடு பலவகைத் தீனி தின்பதால் சாணத்தில் இவை தாமாகவே கிடைத்துவிடுகின்றன. ஒரே வகைக் கழிவை மட்டும் மாதக்கணக்கில் போடும் கலனில் இவை தீர்ந்துபோய், காரணமே தெரியாமல் வாயு குறையக் கூடும். இதைப் பி.எச். தாளால் கண்டுபிடிக்க முடியாது. அமிலம் சேருவதையேகூட அந்தத் தாள் தாமதமாகத்தான் சொல்கிறது. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் குழம்பில் தீரும் வரை பி.எச். அசையாது, அசையும்போது காரியம் கெட்டிருக்கும். ஆவியாகும் கொழுப்பமிலங்களையும் அம்மோனியாவையும் அளக்க வேண்டும். அதற்கான கருவி, நான் போய்வரும் சிற்றாலைகள் ஒன்றிலும் இல்லை. அருகிலுள்ள ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பினால் முடிவு வருவதற்குள் கலனின் நிலை மாறிவிடுகிறது.

உயிரியலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இலக்கை முன்னால் வைத்ததன் விளைவை நாம் ஏற்கனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறோம். 2003க்குப் பிறகு காட்டாமணக்கைத் தரிசு நிலமெங்கும் நட்டால் டீசல் கொட்டும் என்றார்கள். தரிசில், நீரின்றி, அந்தச் செடி எவ்வளவு காய்க்கும் என்பதைப் பல இடங்களில் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்க்காமலேயே உழவர்களிடம் கன்று கொடுக்கப்பட்டது. எங்கள் ஊரிலும் நட்டார்கள், சில ஆண்டில் பிடுங்கினார்கள். வேலிக்கு நட்டவை மட்டும் இன்னும் நிற்கின்றன.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மக்கிப்போயின. மக்கவைத்தது எது என்று தேடியதில் கிடைத்த பூஞ்சைதான் ட்ரைக்கோடெர்மா ரீசீ. இன்று செல்லுலோசை உடைக்கும் நொதிகளைத் தொழில் அளவில் தரும் ட்ரைக்கோடெர்மா வகைகள் அந்த ஒரே மாதிரியிலிருந்து வழிவந்தவை. 2008இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோது, இவ்வளவு பேர்பெற்ற பூஞ்சையிடம் செல்லுலோசை உடைக்கும் மரபணுக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. இருப்பதைக் கொண்டு ஏராளமாக உற்பத்தி செய்வதில்தான் அதன் வல்லமை என்று தெரிந்தது. 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புல்லைப் பையில் கட்டிப் பசுவின் முதல் இரைப்பைக்குள் வைத்து, அதில் ஒட்டிய நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வில் 268 கிகா பேஸ் (26,800 கோடி எழுத்து) அளவுக்கு வாசித்தார்கள். மாவுப்பொருள்களையும் நார்களையும் கையாளக்கூடிய 27,755 மரபணுக்களை அதில் அடையாளம் கண்டார்கள். கூடாரம் மக்கியதை எரிச்சலோடு தூக்கியெறியாமல் எடுத்து வைத்த ஒருவரால் ஒரு தொழிலே உருவாயிற்று. நாங்கள் வயலில் கொட்டிய குழம்பை நினைத்துக்கொள்கிறேன்.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. உங்கள் துறையே மும்பையிலும் பரீதாபாத்திலும் தில்லியிலும் உயிரி ஆற்றல் மையங்களை உருவாக்கியது. பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் நோக்கோடு அமைக்கப்பட்டது. புனேயின் அகார்கர் ஆய்வு நிறுவனத்தில் நெல்வயலின் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்களை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். பெங்களூருவின் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தில் மாட்டின் இரைப்பையிலிருந்து வெளியேறும் மீத்தேனை எப்படிக் குறைப்பது என்று ஆராய்கிறார்கள். அங்கே மீத்தேனைக் குறைக்கப் பார்ப்பவர்களும் இங்கே கூட்டப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஒரே குடும்பத்து உயிர்களைத்தான் கையாள்கிறார்கள். இரு சாராரும் ஒரே மேசையில் உட்கார வேண்டாமா? ஒன்று வேளாண் அமைச்சகத்தின் கீழும் மற்றது புதிய, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்தின் கீழும் இருப்பதைத் தவிர இதற்கு வேறு தடையை நான் காணவில்லை.

ஆகவே நான் கேட்பது புதியதொரு மாளிகையை அன்று. இயங்கிக்கொண்டிருக்கும் ஆலைகளிலிருந்து, பல வகைத் தீனியில் ஓடுபவையாகத் தேர்ந்து, வாரம் ஒரு மாதிரி எடுத்து இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் தொடருங்கள். ஒருநாள் வந்து ஒரு குப்பி எடுத்துச் சென்று, அதிலுள்ள பாக்டீரியாக்களின் பெயர்ப்பட்டியலைக் கட்டுரையாக்கிவிட்டு மறந்துபோகும் ஆய்வுகளால் ஆலைக்காரருக்கு எந்தப் பயனும் இல்லை. என் துறையினரைப் பற்றித்தான் சொல்கிறேன், நானும் அப்படியொரு கட்டுரை எழுதியவன். கலன் நன்றாக இருந்தபோது யார் இருந்தார்கள், நோயுறுவதற்கு முந்தின வாரம் யார் குறைந்தார்கள், மீண்டபோது யார் முதலில் திரும்பினார்கள் என்பதே வேண்டிய அறிவு. அந்தத் தரவுகள் 2022இல் பரீதாபாத்தில் தொடங்கிய இந்திய உயிரியல் தரவு மையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இடப்பட வேண்டும்.

நின்றுபோன கலன்களின் வரலாறும் அதில் சேர வேண்டும். இன்று ஓர் ஆலை நின்றால் அதை அமைத்த நிறுவனம் வெளியே சொல்வதில்லை, உரிமையாளர் வங்கிக்குப் பயந்து சொல்வதில்லை. 2025-26 வரையிலான திட்டத்தில், நாளொன்றுக்கு 4,800 கிலோ வாயு எடுக்கும் புதிய ஆலைக்கு 4 கோடி ரூபாய் என்ற கணக்கில் ஆற்றல் அமைச்சகம் நிதியுதவி அறிவித்தது. இத்தகைய உதவி பெறும் ஆலை, கலன் நின்றால் காரணத்தைப் பதிவு செய்து ஒரு லிட்டர் குழம்பையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது பெரிய காரியமில்லை. நின்றதற்காக உதவித்தொகையைப் பிடிக்க மாட்டோம் என்ற உறுதியையும் கூடவே கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கலன்களும் காகிதத்தில் நன்றாகவே ஓடும்.

மாவட்டத்துக்கு ஒன்று வேண்டாம், மூன்று மாவட்டத்துக்கு ஒன்றாகவாவது, ஏதேனும் வேளாண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ கொழுப்பமிலங்களைப் பிரித்து அளக்கும் ஒரு வாயு நிறப்பகுப்புக் கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும், மறுநாளே முடிவு சொல்லும் ஏற்பாடும் வேண்டும். அங்கேயே, கோழி எருவுக்குப் பழகியது, திப்பிக்குப் பழகியது, பிரஸ்மட்டுக்குப் பழகியது என்று பிரித்து உறைக்குழம்பு பேணப்பட வேண்டும். தயிருக்கு உறை தீர்ந்துபோனால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்கிறோம். நின்றுபோன கலனுக்கு அப்படிக் கேட்டு வாங்க ஒரு வீடு இல்லை. ஸ்வீடனில் அம்மோனியா மிகுந்த கலன்களை நெடுங்காலம் பின்தொடர்ந்தவர்கள், அசிட்டேட்டை நேரடியாக மீத்தேனாக்கும் உயிர்கள் தளர்ந்ததும் வேறு இரண்டு கூட்டங்கள் கைகோத்து அந்த வேலையை மெதுவாக ஏற்றுக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள். அந்த மாற்றத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். பழகிய உறையை ஊற்றினால் அந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம். எழுபது நாள் வாயு இல்லாமல் வட்டி கட்டிய ஒருவரிடம் அதன் மதிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

கலனை நாள்தோறும் பார்ப்பவர் பெரும்பாலும் பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ படித்தவர். அவருக்கு அவர் மொழியில் ஒரு சிறு கையேடு வேண்டும். இரண்டாவது கலனின் வாயருகே நின்றிருந்த இளைஞர், சுண்ணாம்பு மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே, "இது புளிச்ச வாடை இல்ல சார், கோழிக்கொட்டகைக்குள்ள அடிக்கிற வாடை" என்று மேலாளரிடம் சொன்னாராம். அவர் மூக்கு கண்டுபிடித்ததை ஏற்கவோ மறுக்கவோ அங்கே எழுத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் கலன் பிழைத்திருக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். கடந்த நாலைந்து ஆண்டுகளில் நான் போன கலன்களிலிருந்து எடுத்த குழம்பு மாதிரிகள் பதினொன்று, பழைய கல்லூரியின் குளிர்பெட்டியில் தேதியும் தீனியும் எழுதி ஒட்டிய குப்பிகளில் இருக்கின்றன. அம்மோனியாவைத் தாங்கி ஒன்றரை ஆண்டாக நன்றாக ஓடும் ஒரு கோழி எருக் கலனின் மாதிரியும் அதில் ஒன்று. அந்தக் குளிர்பெட்டிக்கு மாற்று மின்சாரம் கிடையாது. போன கோடையில் ஒருமுறை முழுதும் உருகி மறுபடி உறைந்தது. கல்லூரியில் துறைக்கு இடம் தேவைப்படுகிறது, ஆய்வகத்தைக் காலி செய்ய வேண்டும் என்று வரும் மே மாதத்தைக் கெடுவாகச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றை எந்த ஆய்வகத்துக்கு, எந்த முறையில் அனுப்ப வேண்டும் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரி எழுதினால், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து என் செலவிலேயே நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.